மண்டபம் முகாமிலிருந்து ஒரு ரபி

மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த தனுசன், பெயின்ட் அடிக்கும் வேலைக்காகக் கொச்சிக்குப் போனான். அங்கே ஒரு பழைய யூத ஜெபாலயத்தில் மூன்று மாத வேலை. கதவின் மேலிருந்த எழுத்தைப் படிக்கும் ஆசையில்தான் எபிரேயம் கற்கத் தொடங்கினான். ஆறு வருடம் கழித்து, மும்பையில் மூன்று ரபிகள் அவனைக் கேள்வி கேட்டு யூதனாக ஏற்றுக்கொண்டார்கள். ரபி என்பவர் யூதச் சபையின் குரு. தானும் ரபியாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தான்.

கொங்கணக் கரையில் பதினெட்டுக் குடும்பங்கள் கொண்ட ஒரு சபைக்கு ரபி இல்லை. படித்து முடித்ததும் வரும்படி அவர்கள் அவனைக் கேட்டிருந்தார்கள். ரபிகளைப் பயிற்றுவிக்கும் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் இடமும் கிடைத்தது. முகாமுக்குத் திரும்பி, இணையத்தில் படிக்க வேண்டிய இரண்டு வருடத்தையும் முடித்துவிட்டான். மீதி மூன்று வருடம் அங்கேயே போய்த் தங்க வேண்டும்.

அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அவனை இலங்கைக் குடிமகனாகப் பதிய, அப்பா குணரத்தினம் தன் பிறப்புப் பத்திரத்தோடு சென்னையிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா கமலாதேவியின் பத்திரங்கள் மன்னாரிலிருந்து வந்த படகிலேயே நனைந்து அழிந்துவிட்டன.

அப்பா மறுத்தார்.

"நான் செத்தால் ஆர் கொள்ளி வைக்கிறது?"

"நான் இருக்கிறன்தானே அப்பா."

"உங்கட சமயத்தில எரிக்கக்கூடாது எண்டு நீதானே சொன்னனீ."



பள்ளி ஒரு வருடம் பொறுத்தது. பிறகு இன்னொரு வருடம். ஜூன் முப்பதுக்கு மேல் முடியாது என்று கடைசியாக எழுதியது. மே மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா தானாகவே பேச்செடுத்தார்.

"நீ அந்த ஜெபங்களை வாசிக்கிறதை நெடுகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். ஒண்டும் விளங்கேல்லை. ஆனா நீ பொய்யுக்குச் செய்யேல்லை எண்டு விளங்குது. செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போடு."

முகாம் அலுவலகத்தில் வெளியே போக அனுமதி வாங்கினான். நெட் சென்டர் முஹைதீன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

"அய்யாவுக்குக் கீழ் பெர்த்தே கெடச்சிருச்சு தம்பி. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா தண்ணீர்க் குழாயடியில் விழுந்தார். ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகும் வழியில், உச்சிப்புளி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

சுடுகாட்டில் எல்லோரும் ஒரே மகனைப் பார்த்தார்கள். கொள்ளி வைக்கும்படி அம்மா சொல்லியனுப்பவில்லை. அவன் படித்த யூதச் சட்டத்தில் எரிப்பது கூடாது. தெரிந்தேதான் கொள்ளியை வாங்கினான், வைத்தான்.

இறந்த தகப்பனுக்காக மகன் சொல்ல வேண்டிய யூத ஜெபம் ஒன்று உண்டு. அவனுக்கு அது மனப்பாடம். ஆனால் பத்து யூதர்கள் ஓரிடத்தில் கூடினால்தான் அதைச் சொல்லலாம் என்று அவன் பள்ளி கற்பித்திருந்தது. அந்தக் கடற்கரை முழுக்க யூதன் என்று அவன் ஒருவன்தான்.  ஜெபத்தைச் சொல்லாமலே திரும்பி வந்தான்.

ஜூலை முதல் வாரம் பள்ளியின் கடிதம் வந்தது. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். கொங்கணச் சபையும் வேறு ஆளைத் தேடத் தொடங்கியிருந்தது. முஹைதீன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"வேற வழி ஏதும் இருக்கா தம்பி?"

"இல்லை அண்ணே."

ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் சொன்னான்.

"பரமக்குடியில ஒரு ஜவுளிக்கடையில ஆள் கேட்டிருக்கினம். நாளைக்கு வரச் சொல்லிச்சினம்."

"கிழமையில ஒரு நாள் லீவு தருவினமோ?"

"செவ்வாய்."

"உங்கட சமயத்தில சனிக்கிழமை நீ வேலை செய்யக்கூடாதெல்லோ?"

"சனிக்கிழமைதானம்மா அவைக்கு வியாபாரம்" என்றான். சட்டையை மடித்துப் பையில் வைத்தான்.