தை ஒன்றாம் தேதித் தாள்

முத்தம்மாவின் உடலைப் பாயோடு தூக்கியவர்கள் குறுகலான வாசலில் திரும்பும்போது, “சுவர்ல இடிச்சிடாதீங்கப்பா, எப்ப விழலாம்னு நிக்குது” என்றார் முனிகிருஷ்ணன். பின்னால் வந்த மகள் சரளாவுக்கு, அந்த அழுகையிலும் அது சுருக்கென்றது. காலையிலிருந்து மாமா அதைச் சொல்வது நான்காவது முறை.

அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில்தான் விரிசல். ஒரு விரல் நுழையும். புருஷன் போனபின் சித்தாளாகக் காரை சுமந்தே சரளாவை வளர்த்தவள் முத்தம்மா. அல்சூரில் இந்த இரண்டு அறைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் செங்கல்லாகத் தானே எழுப்பினாள். வேலையிடத்தில் எந்த மேஸ்திரியும் அவள் கையில் காரை பூசும் கரணையைக் கொடுத்ததில்லை. சந்தையில் தனக்கென்று ஒன்று வாங்கி வைத்திருந்தாள்.

மழை நின்றதும் விரிசலை அடைக்க வேண்டும் என்று சுண்ணாம்பைப் பானையில் ஊறவைத்திருந்தாள். அதற்குள் காய்ச்சல் வந்து, ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் மாமா பேச்சை எடுத்தார்.

“வீட்டைப் பூட்டிட்டு எங்களோட சந்தாபுராவுக்கு வந்துடும்மா. வயசுப் பொண்ணு தனியா இருக்கக் கூடாது. சுவரும் வாயைப் பொளந்துடுச்சி. மனையை வித்துடலாம். வாங்கறதுக்கு ஆளு பாத்து வெச்சிருக்கேன்.”

“எப்ப பாத்தீங்க மாமா?”

“போன வாரம்.”

“போன வாரம் அம்மா உயிரோட இருந்துச்சே.”

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு ஜோசஃபின் காபி டம்ளர்களோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சரளா எழுந்து சுவரருகே போனாள். விரிசலின் குறுக்கே காலண்டர் தாள் ஒன்று சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தது. தை ஒன்று, 1961.

“அம்மா ஒட்டினது. சுவரு இன்னும் அசைஞ்சா இது கிழிஞ்சிடும்னு சொல்லிச்சி. ஐப்பசி வந்துடுச்சி. மழையெல்லாம் பாத்துடுச்சி. கிழிஞ்சிருக்கா பாருங்க.”

“காகிதத்தை நம்பி உள்ள படுப்பியா?”

“அம்மாவை நம்பிப் படுக்கறேன்.”

அவள் புடவையை வரிந்து செருகினாள். காரை உள்ளே ஏறுவதற்காக உளியால் விரிசலின் ஓரங்களை அகலப்படுத்தியபோது தாள் இரண்டாகக் கிழிந்தது. அவள் கை ஒரு கணம் நின்று, மறுபடி ஓங்கியது.

“சாவு வீட்ல இதெல்லாம் தொடக் கூடாது. காரியம் முடியட்டும்” என்றார் மாமா.

“காரியம் முடியறதுக்குள்ள நீங்க ஆளைக் கூட்டிட்டு வந்துடுவீங்க.”

ஜோசஃபின் டம்ளர்களைக் கீழே வைத்தாள். “மணலு எங்க வீட்டுக் கொல்லையில இருக்குது சரளா. சலிச்சே எடுத்தாறேன்” என்று போனாள்.

பிற்பகல் முழுவதும் வேலை நடந்தது. தூசி தட்டி, தண்ணீர் தெளித்து, காரையை உள்ளே திணித்துத் திணித்து அழுத்தி, மேலே ஒரு சாண் அகலத்துக்குப் பூசினாள். நூல் மில்லில் இழை முடிந்து பழகிய விரல்களுக்குக் கரணை படியவில்லை. கொஞ்ச நேரம் திட்டுத் திட்டாக விழுந்தது. சுண்ணாம்பு விரல் இடுக்குகளில் எரிந்தது. அவள் அழவில்லை. யாரோடோ வாக்குவாதம் செய்பவள் போல உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நாலரை மணிக்கு மாமா பையை எடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, உள்ளங்கையை நடுச்சுவரில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். பிறகு தோளைக் கொடுத்தும் தள்ளினார். சுவர் நின்றது.

“பதினாறாம் நாளைக்கு வரேன்” என்றார்.

“வாங்க மாமா. அத்தையையும் கூட்டிட்டு வாங்க. இங்கதான் இருப்பேன்.”

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஈரக் காரையில் மாமாவின் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. சரளா கையைத் தண்ணீரில் நனைத்து, அவற்றை ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சமன் செய்தாள்.