செத்த தோட்டா

எங்கள் வீட்டுக்காரர் ராஜாங்கத்துக்குத் தெரியாத விஷயம் இந்த விருத்தாசலத்தில் எதுவும் கிடையாது. ஜங்ஷனில் ரயில் ஏன் நிற்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். எங்கள் செராமிக் பட்டறையில் பியூஸ் கட்டை விரிசல் விட்டால் அது களிமண்ணின் குற்றம், மழையின் குற்றம், பக்கத்துப் பட்டறைக்காரன் கண்ணின் குற்றம். சூளைக்குத் தீ போட்டவரின் குற்றம் மட்டும் இல்லை, ஏனென்றால் போட்டவர் இவர். இப்பேர்ப்பட்ட மனுஷன் கையில் போன வருஷம் ஒரு துப்பாக்கியும் வந்து சேர்ந்தது. என் தலையெழுத்து.

துப்பாக்கி என்றதும் பயந்துவிடாதீர்கள். எங்கள் மகள் கயல்விழி ரைபிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறாள். ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் காகித வட்டத்தைச் சுடுவாள், அவ்வளவுதான். நன்றாகவே சுடுவாள். அதனால் ஸ்ரீமுஷ்ணத்து வக்கீல் விருத்தகிரி தன் பழைய பாயிண்ட் டூ டூ ரைபிளை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் முறைப்படி வாங்கினோம். லைசென்ஸ் அப்பா பேரில், சுடுவது மகள், மீசையை முறுக்குவது மறுபடியும் அப்பா.

கயல் அதை ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்கும் முன்பே ஆயுத பூஜை வந்தது. பட்டறை மிஷினுக்கும் என் மிக்ஸிக்கும் ஒரு சொட்டுச் சந்தனம். துப்பாக்கிக்கு மட்டும் ரோஜா மாலை. படைக்கும் முன் அதன் பின்பக்கத்துத் தாழ்ப்பாளான போல்ட்டை இழுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து சுட்டு முடித்த காலிப் பித்தளைக் கூடு ஒன்று விழுந்தது.

"சீ! செத்த தோட்டா! எவனோ சுட்ட எச்சத்த உள்ள வச்சிக்கிட்டா பூஜ பண்றது?" என்று அதை எடுத்துக் கொல்லையில் வீசினார். திருஷ்டிப் பூசணிக்காயோடு சேர்த்து நான்தான் அதைப் பெருக்கித் தள்ளினேன்.

அன்று ஆரம்பித்தது இந்தக் கூத்து. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் துப்பாக்கி வரும். "தோட்டா இல்ல, பயப்படாதீங்க. சும்மா போல்ட்ட இழுத்து விசையத் தட்டிப் பாருங்க." டக். என் அண்ணன் தட்டினான். அண்ணி தட்டினாள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். ஆள் வராத நாளில் அவரே தனியாக உட்கார்ந்து டக் டக் என்று தட்டிக்கொண்டிருப்பார். பகலெல்லாம் காலேஜில் இருக்கிற கயலுக்கு இதெல்லாம் தெரியாது. நானும் சொல்லவில்லை. அது வெறும் சத்தம் என்றுதான் நினைத்தேன்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கிய சமயம், பயிற்சியில் ஒருநாள் சுட்டபோது தோட்டாவின் பித்தளைக் கூடு உள்ளேயே கிழிந்தது. குண்டு முன்னால் போனது. சூடான புகையும் பித்தளைத் தூளும் பின்னால் வந்து என் பெண்ணின் முகத்தில் அடித்தன. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. கன்னத்தில் சிவப்பாக ஒரு தீற்றல்.

ராஜாங்கம் டாக்டர் உடனே நோயைக் கண்டுபிடித்தார். "பயம். சுடறப்ப பயந்து ஆட்டியிருப்ப. பொம்பளப் புள்ளைங்களுக்கு இதான்."

"ஆட்டுனா குறிதாம்பா தப்பும். கூடு எப்படிக் கிழியும்?"

"எனக்கே சொல்லித் தரியா?"

மறுநாள் இன்னொரு கூடு கிழிந்தது. அவர் ஒரு பூசணிக்காயை வாங்கி வந்து உடைத்தார். துப்பாக்கிக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். அதற்கும் அது அடங்கவில்லை என்றதும் தோட்டாக் கம்பெனியைத் திட்டினார்.

கயல் திட்டவில்லை, பார்த்தாள். அதே பெட்டித் தோட்டாவைக் கிளப் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் ஒன்றும் ஆகவில்லை. வேறு கம்பெனித் தோட்டாவை எங்கள் துப்பாக்கியில் போட்டால் கிழிந்தது. குழலைச் சுத்தமாகத் துடைத்த பிறகும் அப்படித்தான். அப்புறம் ஒவ்வொரு தோட்டாவின் பின்பக்கமும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி மேலே இருக்கும்படி போட்டு, கோச்சை வைத்துக்கொண்டு முகத்தைக் காக்கும் தடுப்புக்குப் பின்னாலிருந்து சுட்டாள். கிழிந்ததெல்லாம் புள்ளி இருந்த இடத்தில், விளிம்பில், விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி குத்துகிற இடத்தில். அந்த விளிம்பு உட்காரும் குழலின் பின்வாயில் பஞ்சைச் சுற்றினாள். மேல்பக்கத்தில் பஞ்சு மாட்டியது.

"இங்க இரும்பு பள்ளமா நசுங்கியிருக்குது. கூட்டுக்கு அந்த எடத்துல முட்டு இல்ல, அதான் கிழியுது."

"பாத்தியா! அந்த வக்கீலு ஏமாத்திட்டான்!" என்று துள்ளினார் இவர்.

எல்லாம் கண்டுபிடித்தாள், சரி. ஆனால் பெண் மாறிவிட்டாள். விசையில் விரல் வைத்தாலே கண் தானாக மூடுகிறதாம். வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூடத் தோளைக் குறுக்கினாள். "இந்த வருஷம் வேணாம்மா, பேரக் குடுத்துட்டு அசிங்கப்படணுமா?" என்றாள்.

வக்கீலிடம் சண்டை போட மூன்று பேரும் ஸ்ரீமுஷ்ணம் போனோம். பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவர், வக்கீல் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தார். விருத்தகிரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தோட்டா இல்லாம காலியா வச்சித் தட்டுனீங்களாங்க?"

"சேச்சே! சாமி மாதிரி வச்சிருக்கோம்!"

"தட்டுனா ஊசி நேரா இரும்புல குத்தும்ங்க. அதுக்குத்தான் உள்ள ஒரு காலிக் கூட்டப் போட்டுக் குடுத்தன். தட்டுனாலும் அதும்மேல படட்டும்னு. அது இருக்குதா?"

எங்கள் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"அது செத்த தோட்டாவாம்ங்க. பூஜைக்கு ஆவாதாம். குப்பைக்குப் போயிடுச்சு. அன்னையிலருந்து ஊரே வந்து டக்கு டக்குனு தட்டிட்டுப் போயிருக்குது."

கயல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

துப்பாக்கி ரிப்பேர்க்காரர் குழலின் பின்வாயில் ஒரு கருவியை விட்டு நசுங்கிய விளிம்பை அழுத்திச் சரிசெய்தார். ஊசியின் நீளத்தையும் பார்த்துவிட்டு, சுடலாம் என்றார். கிளப்புக்குப் போனோம். கயல் தோட்டாப் பெட்டியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"மொதக் குண்ட நீங்க சுடுங்கப்பா."

"நானா? எனக்கு... தோளு வலிக்குதே."

"எனக்குப் பயம்னு சொன்னீங்கல்ல? உங்களுக்கு இல்லல்ல? சுடுங்க."

கோச் கண்ணாடியை மாட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் காரணம் சொல்கிறவர் குப்புறப் படுத்து, துப்பாக்கியின் மரக்கட்டையில் கன்னத்தை வைத்தார். வைத்தவர் எடுத்தார். மறுபடி வைத்தார். நடுமுதுகில் சட்டை நனைந்திருந்தது. கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டு சுட்டார். குண்டு எங்கே போனதோ, காகிதத்தில் இல்லை. கூடு மட்டும் முழுசாக வெளியே வந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே மகளை அண்ணாந்து பார்த்தார்.

"இதுல மூஞ்ச வச்சிக்கிட்டா தெனம் சுட்ட? என் கண்ணு... உன் கண்ணு போயிருந்தா நான் என்னடி பண்ணுவன்?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் காரணம் சொல்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கயல் குனிந்து, சூடாறாத அந்தக் காலிக் கூட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பூஜைக்கு இத உள்ள போட்டு வைங்கப்பா. சாமி கோச்சிக்காது. இப்ப எழுந்திரிங்க, நான் படுக்கணும்."

அவர் நகர்ந்துகொண்டார். அவள் படுத்தாள், கன்னத்தை வைத்தாள். நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டபோது அது திறந்திருந்தது.