மூஞ்சிப்பூப் பாத்தி

கல்வராயன் மலைப் பூங்காவில் அந்தக் குளிருக்குப் பேன்சி என்றொரு பூ போட்டார்கள். ஒவ்வொரு பூவிலும் ஒரு மூஞ்சி; மீசை, புருவம், கடுகடுப்பு எல்லாம் உண்டு. முதலில் மாட்டிக்கொண்டவர் தண்ணீர் விடுகிற பழனி. சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கியே செத்துப்போன அவருடைய அப்பா, மஞ்சள் பூவொன்றிலிருந்து அவரை முறைத்தார். பழனி பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். மூங்கில்துறைப்பட்டிலிருந்து வேன் வேனாக ஜனம் மலையேறியது. ஆளாளுக்குத் தங்கள் செத்தவரைக் கண்டுபிடித்து, பாத்தி ஓரத்தில் வடையும் சுருட்டும் வைத்தார்கள். ஒரே ஊதாப் பூவுக்கு இரண்டு குடும்பம் மல்லுக்கு நின்றது. காலையில் அவர்களுக்கு மாமா, மத்தியானத்துக்குமேல் இவர்களுக்குத் தாத்தா என்று பஞ்சாயத்தானது.

அந்தப் பாத்தியைப் பராமரிக்கிற அம்சவள்ளி மட்டும் தன் ஆள் அதில் இருந்துவிடக் கூடாதென்று வேண்டிக்கொண்டாள். நான்கு வருஷத்துக்கு முன் குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போன புருஷன் சின்னராசுவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. தினமும் வந்ததும் ஒவ்வொரு பூவாகக் குனிந்து பார்ப்பாள். அவன் இல்லை என்று உறுதியான பிறகுதான் களைக்கொத்தைத் தொடுவாள். பாத்தியில் இல்லாத வரையில் ஆள் உயிரோடு இருக்கிறான்.

கொழுந்தன் இளவரசனும் வந்து வந்து தேடினான், வேறு காரணத்துக்காக. அண்ணன் செத்ததாக ஊர் ஒப்புக்கொண்டால், பிள்ளையில்லாத அண்ணியைக் கிளப்பிவிட்டு வீட்டை வளைத்துப்போடலாம். ஒரு வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரியவர்களோடும் கற்பூரத்தோடும் வந்து இறங்கினான். மூன்றாவது வரிசையின் கடைசிச் செடியைக் காட்டினான்.

"இன்னா அண்ணி, பாத்துக்கினே நிக்கிறீங்க? அண்ணன்தான இது. கருமாதிக்கு நாள் பாக்கலாம்."

அம்சவள்ளி குனிந்தாள். ஒரு பக்கம் இறங்கிய மீசை. விடிந்ததும் எழுப்பினால் வருமே, அதே தூக்கக் கண். சத்தியமாக அவனேதான். போனவன்மேல் கோபமும், முகத்தைப் பார்த்துவிட்ட சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

பிறகு கட்டைவிரல் நகத்தால் பூவைக் கிள்ளினாள். வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

பழனி கண்ணை மூடிக்கொண்டார்.

"வெத புடிச்சாதான் இந்தச் செடி சாவும் தம்பி. பூவக் கிள்ளிக்கினே இருந்தா சாவாது. சார்தான் சொல்லிக் குடுத்தாரு," என்றாள் அம்சவள்ளி.

கூட்டத்தைப் பார்த்து வந்து நின்ற பூங்கா அதிகாரி தமிழழகன் தலையாட்டினார். தோட்டக்கலைப்படி அது சரிதான். செடி பச்சையாக இருக்கும்போது கருமாதி செய்வது முறையில்லை, காயட்டும் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் வேனேறினார்கள்.

பங்குனி வெயிலில் மாமாக்களும் தாத்தாக்களும் விதை பிடித்துக் காய்ந்தார்கள். பாத்தியைக் கொத்திச் சாமந்தி போட்டாயிற்று. மூன்றாவது வரிசைக் கடைசியில் மட்டும், கீற்று நிழலில் ஒரு செடி பச்சையாக நின்றது. மொட்டு தலைகாட்டியதுமே அம்சவள்ளி கிள்ளிவிடுவாள். இளவரசன் வாராவாரம் மலையேறி, பழுத்த இலை எத்தனை என்று பார்த்துவிட்டுப் போனான்.

பூக்காத செடியை எதற்கு வைத்திருக்கிறாய் என்று தமிழழகன் ஒருநாள் கேட்டார்.

"அது இன்னும் ஊரு திரும்பல சார்," என்றாள் அம்சவள்ளி. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து அதன் வேரில் ஊற்றினாள்.