பெருக்கமரத்து விலாசம்

கருவாட்டு மூட்டையைத் தலையில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் வள்ளத்தில் ஏற்றுவது மீராசாஹிபின் வேலை. மூட்டை நனைந்தால் கூலியில் கழிவு உண்டு. ஆள் நனைந்தால் இல்லை. மன்னார்க் கரையில் மஹ்மூது முதலாளியின் கிட்டங்கியில் அப்படித்தான் நடந்தது.

கூலியும் கைக்கு வராது. அக்கரையிலிருந்து வந்தவர்களின் பணம் முதலாளியின் அலுமாரியில் கிடக்கும். ஊருக்குத் தோணி ஏறும் நாளில் தருவார். போனமுறை கிழிந்த சாக்குக்கும், காய்ச்சலில் படுத்ததற்கும், படுத்திருந்தபோது குடித்த கஞ்சிக்கும் கழித்ததுபோக, மீராசாஹிபு கீழக்கரையில் இரண்டு துவாய்த் துண்டோடு போய் இறங்கினார். இம்முறை நோன்புப் பெருநாள் கழிய மகள் சரீபாவுக்கு நிக்காஹ் வைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் துவாய்க்கு மசிகிற ஆட்கள் அல்ல.

ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் கூலியைக் கையில் தரும்படி கேட்டார். முதலாளி கோபிக்கவில்லை. மடியில் வைத்தால் கள்ளன் எடுப்பான், மண்ணில் புதைத்தால் கழுதை கிளறும், பிறகு தன்னிடம் வந்து அழக் கூடாது என்று மட்டும் சொன்னார். மன்னார்க் கழுதைகளைப் பற்றி அவர் சொன்னதில் பொய் இல்லை.

தபால் கந்தோரில் சேமிப்புக் கணக்குத் திறக்கலாம் என்று சொன்னவர் கோப்பிக் கடை ஜவாஹிர். துரைமாரின் பணமே அங்கேதான் தூங்குகிறதாம். அவரே கூட வந்தார்.

தபாலதிபர் அம்புறோஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அக்கரைக்காரர் என்றால் இக்கரையில் ஒரு விலாசம் வேண்டும், அறிந்தவர் ஒருவரின் கையொப்பம் வேண்டும் என்றார். கையொப்பத்தை ஜவாஹிர் போட்டார். விலாசம்தான் இடித்தது. மீராசாஹிபு குடியிருந்தது பள்ளிமுனைப் பக்கம் ஒரு பெருக்கமரத்துப் பொந்தில். நாலுபேர் கால்நீட்டிப் படுக்கலாம். மழைக்கு ஒரு கழுதையும் சேர்ந்துகொள்ளும். அந்த மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரப் புறப்பட்டவர் பாதிவழியில் தங்கிச் சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் மிச்சத்தை நடந்தாராம். என்ன கறி என்பதில்தான் ஊருக்குள் இரண்டு கருத்து.

"மரத்தை எப்பிடி விலாசமாய் எழுதுறது?" என்றார் அம்புறோஸ்.

"வீடுன்னா இடியும் ஐயா. இது இடியாது."

அம்புறோஸ் யோசித்துப் பார்த்துவிட்டு எழுதினார். "எத்தினை வருசமாய் இஞ்ச இருக்கிறீர்?"

மீராசாஹிபு வந்து போவது அது நாலாவது தடவை. ஆனால் கிட்டங்கியில் வேலை கேட்டு நிற்கும் அக்கரைக்காரர் யாரும் உண்மையான வருசத்தைச் சொல்வதில்லை. நேற்று வந்தவன் நாளைக்கு ஓடிவிடுவான் என்று எண்ணுவார்கள். கூட்டிச் சொன்னவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

"பன்னெண்டு வருசம் ஐயா."

"பதின்மூண்டு வரும்," என்றார் ஜவாஹிர், மரியாதைக்கு.

பதின்மூன்று என்று எழுதியாயிற்று. கணக்கும் திறந்தாயிற்று. மீராசாஹிபு வெள்ளிதோறும் தொழுகை முடிந்து போய்க் காசைக் கட்டினார். எழுதியதன் பிரதி ஒன்று, வழக்கம்போல, அரசாங்கக் கச்சேரிக்குப் போனது.

கச்சேரியிலிருந்து ஊர்த் தலைமைக்காரரான விதானை பரமநாதன் மரத்தடிக்கு வந்தார். வெளியூரார் என்றால் பேச்சில்லை. இந்த ஊரில் குடியிருக்கும் ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் வருசாவருசம் அரசாங்க றோட்டில் வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்குக் காசு கட்ட வேண்டும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். பதின்மூன்று வருசமாக மீராசாஹிபு இரண்டையும் செய்யவில்லை.

"நான் அக்கரை ஆளுங்க, விதானையாரே. வருசத்தைச் சும்மா கூட்டிச் சொன்னேன்."

"அப்ப பொய் சொல்லிக் கணக்குத் திறந்தனீர். அதுக்கு மறியல்வீடு. றோட்டு நல்லமா, மறியல்வீடு நல்லமா? யோசிச்சுச் சொல்லும்."

காசாகக் கட்டினால் நிக்காஹ்வுக்குச் சேர்த்ததெல்லாம் அதோடு சரி. மீராசாஹிபு கல்லுடைக்கப் போனார். கிட்டங்கியில் அவர் இடத்துக்கு வேறொருவன் வந்தான். அதற்கும் மஹ்மூது முதலாளி கோபிக்கவில்லை.

அந்த வருசம் தபால் கந்தோருக்கு முன்னால் போகும் றோட்டுக்குத்தான் கல் போட்டார்கள். விடியப் பேர் கூப்பிட்டால் பொழுதுபட்ட பிறகுதான் விடுவார்கள். கந்தோர் அதற்கிடையில் திறந்து, அதற்கிடையில் பூட்டும். பெருநாளும் வந்து போனது. சோழகக் காற்று பலக்குமுன் கீழக்கரைக்குப் போகும் கடைசித் தோணி அன்று பின்னேரம் பாய் விரிக்க இருந்தது. காசையாவது அதில் அனுப்பிவிட நினைத்தார். ஜவாஹிர் உள்ளே போய்க் கேட்டுப் பார்த்தார். கணக்குக்காரர் தானே ஜன்னலுக்கு வர வேண்டும், ஜன்னலைத் தாண்டிக் காசு வெளியே வராது என்று அம்புறோஸ் சொல்லியனுப்பினார்.

மீராசாஹிபு றோட்டு வேலையை மேய்க்கும் ஓவசியரிடம் போய் நின்றார். ஜன்னல் கூப்பிடு தூரம்கூட இல்லை.

"கந்தோர் திறந்திருக்கிற நேரம் அரசாங்க நேரம்," என்றார் ஓவசியர். "அரசாங்க நேரத்தில உமக்கென்ன சொந்த வேலை? இறங்கிப் போனீரெண்டால் விதானையாருக்குத்தான் அறிவிப்பன்."

மீராசாஹிபு திரும்பிவந்து குந்தினார். ஜன்னலுக்குள் அம்புறோஸ் முத்திரை குத்துவது தெரிந்தது. அம்புறோஸும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். வெயில் சாய்ந்தபோது ஜன்னல் பலகையை இறக்கி, கதவைப் பூட்டி, குடையோடு வெளியே வந்தார். புதுக் கல்லில் சப்பாத்து வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

"றோட்டு நல்லாய் வந்திருக்கு," என்றார் போகிறபோக்கில்.

கல்துண்டு அவர்மேல் தெறித்துவிடாதபடி, அவர் கடந்துபோகும்வரை மீராசாஹிபு சுத்தியலைத் தூக்கியபடியே பிடித்திருந்தார். பிறகு அடித்தார்.