நெவேனா மலையேறிய ஞாயிறு

சோஃபியா நகரத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள் நெவேனா. வேலையில் இருந்த காலத்தில், தண்டவாளத்தின் மேல் காரை நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கப் போகிறவர்களை அவள் சன்னலைத் திறந்து திட்டுவாள். அதைக் கேட்பதற்காகவே சிலர் முன்னிருக்கையில் வந்து உட்காருவார்கள். வாரம் முழுக்க டிராம், ஞாயிற்றுக்கிழமை விட்டோஷா மலை. டிப்போக்காரர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து அலேக்கோ விடுதிவரை பேருந்தில் போவார்கள். அங்கிருந்து செர்னி வ்ராக் உச்சிக்கு நடந்து ஏறி, மேலே இருக்கிற கல் கட்டடத்தில் சூடாகத் தேநீர் குடித்துவிட்டு இறங்குவார்கள். கூட்டத்துக்கு ஸ்பாஸ் தலைவன். டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். குச்சி மாதிரி உடம்பு, ஏற்றத்தில் மட்டும் ஆட்டுக்கடா. அவனுக்கு அடுத்தபடியாக உச்சியைத் தொடுகிறவள் நெவேனாதான். தொட்ட கையோடு ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பாள்.

அந்தச் சிகரெட்தான் அவளுக்கு உலை வைத்தது. முதலில் காலை இருமல். அப்புறம் ஏற்றத்தில் இரைப்பு. ஓர் இலையுதிர் காலத்து ஞாயிறன்று பாதி வழியில் நின்று, ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டதாகச் சொல்லிக் குனிந்தாள். அன்று முழுக்க அவளுடைய ஷூ கயிறு அவிழ்ந்துகொண்டே இருந்தது. ஸ்பாஸ் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். நுரையீரலில் நாள்பட்ட அடைப்பு என்றார்கள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். சிகரெட்டை அன்றைக்கே விட்டாள். ஆனால் வந்த குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்து, வீட்டுக்கு வந்தபோது ஆள் பாதியாகியிருந்தாள்.

அவள் கணவன் மெத்தோதி நூலகத்தில் வேலை பார்த்தவன். சதுரங்கப் பலகையை விட்டு எழுந்திருக்க மனமில்லாத ஆள். மலை என்றால் அவனுக்குச் சன்னல் வழியாகத் தெரிகிற ஒரு காட்சி, அவ்வளவுதான். இப்போது அவன் மனைவியைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பார்த்துக்கொண்டான். சன்னலைத் திறக்க விடவில்லை. கடைக்குப் போக விடவில்லை. கெட்டிலைத் தூக்கினால்கூட ஓடி வந்து வாங்கிக்கொண்டான். விரலில் மாட்டி ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு என்று பார்க்கிற கருவி ஒன்றை வாங்கினான். காலையில் கண் விழித்தால் முதலில் அவள் விரலைத்தான் தேடுவான். இத்தனை கவனிப்பும் சேர்ந்து, வசந்தம் வருவதற்குள் அவளைப் படுக்கையிலிருந்து சமையலறைவரை நடந்தாலே மூச்சு வாங்குகிறவளாக ஆக்கிவிட்டது.

டிப்போ கூட்டம் ஜாம் பாட்டில்களோடு பார்க்க வந்தது. விலைவாசி பேசினார்கள், பேரப்பிள்ளைகள் பற்றிப் பேசினார்கள், மலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. கிளம்பும்போது ஸ்பாஸ் வாசலில் நின்று சொன்னான்:

"மலை எங்கயும் ஓடிடாது, நெவேனா. நாங்க போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறோம்."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அது தெரிந்ததால் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் கலினோவா அவளை நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். பருத்த பெண்மணி, அளந்து பேசுகிறவர். பார்த்து முடித்ததும் நோயாளியை விட்டுவிட்டு மெத்தோதியிடம் திரும்பினார்.

"உங்க மனைவிக்கு நுரையீரல் பாதி போயிடுச்சு. அது வியாதி பண்ண வேலை. இப்ப காலும் போகுது. அது நீங்க பண்ற வேலை."

மெத்தோதிக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டர் பிறகு பொறுமையாக விளக்கினார். சும்மா கிடக்கிற தசை கொஞ்சம் அசைந்தாலே நிறையக் காற்றுக் கேட்கும். பழகிய தசை குறைவான காற்றிலேயே வேலையை முடித்துவிடும். நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, ஆனால் காலை முடியும். தினமும் வெளியே நடக்க வேண்டும். நடந்தால் இரைக்கும், இரைக்கட்டும். மூச்சிரைப்பை எப்படி அடக்குவது என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. மூக்கால் இழுத்து, சூடான சூப்பை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட நிதானமாக விட வேண்டும். மூச்சு முழுக்கப் போன பிறகு நிற்கக் கூடாது, போவதற்கு முன்பே நிற்க வேண்டும்.

மறுநாளே தெற்குப் பூங்காவுக்குக் கிளம்பினாள். வாசலில் திரும்பிப் பார்த்தால், மெத்தோதி ஒரு மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான்.

"எதுக்கு அது?"

"நீ உக்கார்றதுக்கு."

"நான் நடக்கப் போறேனா, மீன் பிடிக்கப் போறேனா?"

அவன் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை நடந்தாள், நின்று ஊதினாள், அடுத்த கம்பம். பின்னால் நாற்காலியோடு அவன். நாய்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். சில நாள் கம்பங்கள் கூடின, சில நாள் குறைந்தன. குறைந்த நாளில் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்வாள். கோடை முடிவதற்குள் பூங்காக் குளத்தை நிற்காமல் சுற்றி வந்துவிட்டாள். சுற்றி முடித்துப் பார்த்தால், மெத்தோதி அந்த மடக்கு நாற்காலியில் தானே உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு நாற்காலி வீட்டிலேயே இருந்துவிட்டது.

குளிர்காலம் வேறு சோதனையைக் கொண்டுவந்தது. சோஃபியாவின் குளிர்காலம் அப்படி. மூடுபனி ஊர் மேல் மூடி போட்டதுபோல உட்கார்ந்துவிடும். அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் அதற்குள்ளேயே சுற்றும். இந்தக் காற்றில் நடக்கவே கூடாது என்றார் டாக்டர். மெத்தோதிக்கு உள்ளூர நிம்மதி. நெவேனா நாலைந்து நாள் சன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். அப்புறம் அவளுக்கே உறைத்தது. ஊரில்தானே மூடுபனி? இந்த மாதிரி நாட்களில் விட்டோஷாவுக்கு மேலே வெயில் அடிக்கும் என்பது டிப்போவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மலைக்குப் போய் நடக்கலாமா என்று டாக்டரைத் தொலைபேசியில் கேட்டாள். வாயை மூடிக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ள வேண்டும், கிளம்புமுன் இன்ஹேலர் மருந்தை இழுத்துக்கொள்ள வேண்டும், சமதரையில் மட்டும் நடக்க வேண்டும் என்று சொல்லி அவர் அனுமதித்தார்.

பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. சன்னலுக்கு வெளியே பழுப்பாக இருந்த காற்று வெளுத்து, ஒரு திருப்பத்தில் சட்டென்று நீலமாகிவிட்டது. கீழே ஊரையே காணோம். பொங்கி நிற்கிற பால்போல மேகம்தான் கிடந்தது. அலேக்கோவில் இறங்கிப் பனி மிதிபட்ட பாதையில் அவள் நடந்தபோது, அத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்துபோனதுபோல இருந்தது. மெத்தோதி மூக்கு நுனி சிவக்க, வாயைத் திறந்தபடி நின்றான். இத்தனை வருஷம் இதைத் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். ஒவ்வொரு ஞாயிறும் சொன்னதாகவும், அவன் சதுரங்கக் குதிரையை நகர்த்துவதில் குறியாக இருந்ததாகவும் அவள் பதில் சொன்னாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, ஊரில் மூடுபனி இறங்கியதும் இவர்கள் பேருந்து ஏறினார்கள்.

ஜூன் மாதம் ஸ்பாஸ் தொலைபேசியில் கூப்பிட்டான். டிப்போ கூட்டம் மலையேற ஆரம்பித்த நாளைக் கொண்டாடப் போகிறார்களாம். அவள் அலேக்கோவில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் உச்சிக்குப் போய்விட்டு வந்ததும் எல்லாரும் சேர்ந்து பீன்ஸ் சூப் சாப்பிடலாம் என்றான்.

"நான் மேல வரேன், ஸ்பாஸ்."

ஸ்பாஸ் பழைய விதியை நினைவுபடுத்தினான்.

"கூட்டம் யாருக்காகவும் நிக்காது. அந்த விதியைப் போட்டதே நீதான்."

"நிக்கச் சொன்னேனா? நான் உங்களுக்கு முன்னாடி கிளம்பிடுவேன். முடிஞ்சா வந்து பிடிங்க."

பேச்சில் கெத்தாகச் சொல்லிவிட்டாளே தவிர, தொலைபேசியை வைத்ததும் ஏற முடியுமா என்ற சந்தேகம் வந்தது. டாக்டரிடம் கேட்டாள். அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பரிசோதித்து, கருவியில் எந்த எண்ணுக்குக் கீழே போனால் உட்கார வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பினார்.

அந்த ஞாயிறன்று முதல் பேருந்தில் ஏறினார்கள். அலேக்கோவில் வெயில் அப்போதுதான் புல்லின் மேல் விழுந்துகொண்டிருந்தது. நெவேனா மருந்தை இழுத்து, சற்று நேரம் காத்திருந்து, இரண்டு கைத்தடிகளையும் ஊன்றி ஏற ஆரம்பித்தாள். நத்தைக்கும் அவளுக்கும் போட்டி வைத்தால் நத்தைதான் ஜெயித்திருக்கும். எட்டு வைத்தாள், ஊதினாள். இரைப்பு வருவதற்கு முன்பே நின்றாள். மெத்தோதி பின்னால் ரொட்டியும் தண்ணீரும் சுமந்து வந்தான். இப்படியே பாதி ஏற்றம் கடந்தது. அவளுக்கே நம்ப முடியவில்லை.

அப்போது கீழே குரல்கள் கேட்டன. கூட்டம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டும் வணக்கம் சொல்லிக்கொண்டும் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். ஸ்பாஸ் மட்டும் பக்கத்தில் வந்து நின்று, தெற்கே திரளுகிற மேகத்தைக் காட்டினான்.

"இத்தனை தூரம் வந்ததே பெரிசு. திரும்பிடு, நெவேனா. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்ற அந்த ஒரு சொல்தான் அவளைச் சுட்டது. அவன் நகர்ந்ததும் அவன் முதுகையே பார்த்தபடி, அவன் வேகத்துக்கு நடந்தாள். பழைய நெவேனா நடக்கிற நடை அது. மெத்தோதி கூப்பிட்டது காதில் விழவில்லை. செங்குத்தான கற்படிகளில் ஏறி நிமிர்ந்தபோது மூச்சு ஒரேயடியாகப் போய்விட்டது.

இழுத்தால் உள்ளே போகவில்லை; விட்டால் வெளியே வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. மலையும் வானமும் கறுத்து ஒன்றாகிப் பக்கத்தில் வந்தன. செத்துப்போகிறேன் என்று நினைத்தாள். மெத்தோதி ஓடி வந்து, மலை மீட்புக்காரர்களை அழைக்கக் கைப்பேசியை எடுத்தான். அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து, முழங்கையை முழங்கால் மேல் ஊன்றி, உள்ளங்கையை அவன் பக்கம் நீட்டினாள். பொறு.

மெத்தோதி வாழ்க்கையில் செய்த கஷ்டமான காரியம் அதுதான். விரல் கைப்பேசி மேலேயே இருக்க, வாயைத் திறக்காமல் நின்றான்.

அவள் உதட்டைக் குவித்தாள். சூப்பை ஊதினாள். இல்லாத காற்றை எங்கிருந்தோ தேடி நிதானமாக வெளியே விட்டாள். மூச்சு பூனை மாதிரி; விரட்டிப் பிடிக்கப் போனால் ஓடும், சும்மா இருந்தால் தானாக மடிக்கு வரும். அவள் விரட்டுவதை விட்டாள். ஒரு துளி உள்ளே போனது. இன்னொரு துளி. தோள் இறங்கியது. வானம் வானத்தின் இடத்துக்குத் திரும்பியது. மெத்தோதி கருவியை மாட்டி, எண் ஏறுகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அது டாக்டர் சொன்ன அளவைத் தாண்டிய பிறகும் வெகுநேரம் இருவரும் எழுந்திருக்கவில்லை. வந்த மேகம் நாலு தூற்றல் போட்டுவிட்டு வேறு பக்கம் போனது.

திரும்பிவிடலாம் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தாள். அவன் அவள் தோளிலிருந்த சிறு பையையும் வாங்கிக்கொண்டு சொன்னான்:

"ஸ்பாஸ் நடை உனக்கெதுக்கு? உன் நடையை நட. எனக்கும் அதான் தோதா இருக்கு."

குளிர்காலப் பனியில் வழி தவறாமலிருக்க அங்கே இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு கம்பமாகப் போனாள். ஒரு கம்பம், ஒரு ஓய்வு. யாரையும் பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. அடுத்த கம்பத்தை மட்டும் பார்த்தாள். கால் வலுவாக இருந்தது. கால் வலுவாக இருப்பது இப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. இரைத்தது, ஆனால் அந்த இரைப்புக்கு இப்போது கடிவாளம் அவள் கையில் இருந்தது. தரை சமமாகி, காற்று முகத்தில் அறைந்தபோது நிமிர்ந்தாள். எதிரே கல் கட்டடம்.

கூட்டம் முழுக்க வெளியே நின்றது. இந்நேரம் அவர்கள் இறங்கி அலேக்கோவில் சூப் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாசலுக்கு முன்னால் ஸ்பாஸ், கையில் குவளையோடு. கடைசி ஏற்றத்தில் அவள் தலை தெரிந்தது முதல் அவன் அங்கிருந்து அசையவில்லை என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். யாரும் கை தட்டவில்லை. தட்டினால் அவள் திட்டுவாள் என்று அவர்களுக்குத் தெரியும். வழி விட்டு விலகி நின்றார்கள். அவள் நடுவே நடந்துபோய், உச்சிக் கல்லில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கண் நிறைந்துவிட்டது. கண்ணில் காற்று அடித்துவிட்டது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூச்சு சீரானதும் ஸ்பாஸைப் பார்த்தாள்.

"இன்னும் கிளம்பலையா?"

"டீ சூடா இருந்துச்சு. ஆறட்டும்னு நின்னோம்."

அவன் குவளையைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. ஸ்பாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அந்த விதியை எடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டான். வேண்டாம் என்றாள் அவள். தான் இனிமேல் முதல் பேருந்தில் வருவதாகவும், அவர்கள் இரண்டாவது பேருந்தில் வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் தேநீர் குடிக்கலாம் என்றும், அதற்கு விதியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை என்றும் சொன்னாள்.

இறங்குவது நுரையீரலுக்குப் பெரிய பாடில்லை. நெவேனா கைத்தடிகளைத் தட்டிக்கொண்டு முன்னால் போனாள். பாதையில் புதிதாகப் போட்டிருக்கிற கற்படிகள் சரியில்லை என்று ஸ்பாஸோடு வழி நெடுகச் சண்டை போட்டாள். அவள் குரல் சரிவில் எதிரொலித்தது. மெத்தோதிக்குத்தான் முழங்கால் பிடித்துக்கொண்டது; எல்லாருக்கும் கடைசியாக நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அலேக்கோவில் பீன்ஸ் சூப் ஆவி பறக்க வந்தது. அவள் ஒரு கிண்ணம் காலி செய்து இன்னொன்று கேட்டாள். மெத்தோதி ஷூவைக் கழற்றிக் காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டே, பேருந்து நேர அட்டவணையைச் சுவரில் தேடினான்.

"அடுத்த ஞாயிறும் அந்த முதல் பஸ்ஸுதானே?" என்று கேட்டான்.