கஸ்தூரியின் பெட்டிக்கு ஒரு மாற்று ஆள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுத பூசையன்று காலையில் ஓர் இணையப் பக்கம் திறக்கவில்லை. அவ்வளவுதான். பக்கம் திறக்காததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் ஜொகூரிலேயே நானாகத்தான் இருப்பேன். காரணம் தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தேன். அடுப்பில் தோசை கருகிய பிறகுதான் எழுந்தேன்.

முதல் வரிக்கு இப்படியெல்லாம் முயன்றேன்:

பாசிர் கூடாங் வானத்தில் கரும்புகை (வேண்டாம். அந்தத் தொழிற்சாலை ஊர் என்றாலே எல்லாரும் புகையில்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

இன்றைய தொழில்நுட்ப உலகில் மனிதன் (பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி.)

கஸ்தூரி பிளக்கைப் பிடுங்கினாள்.

இதுதான். இதை வைத்துக்கொள்வோம்.

2

கஸ்தூரி பெர்மாஸ் ஜெயாவில் என் பக்கத்துத் தெரு. ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. பழைய கப்சாய்* என்றால் உயிர். ஜொகூரில் அப்படி உயிரை விடுகிற தமிழர்கள் ஒரு பேருந்து கொள்ளும் அளவுக்கு இருக்கிறோம். நானும் ஒருத்தி. என்னுடையது ஓடாது, ஆனால் பார்க்க அழகாக இருக்கும்.

(* சின்ன எஞ்சின் மோட்டார் சைக்கிள். மலேசியாவில் இருப்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம்.)

எங்களுக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் குழு இருந்தது. வசந்தன் அண்ணன் நடத்தினார். எந்த ஆண்டு வண்டிக்கு எந்தக் கார்புரேட்டர் பொருந்தும் என்று படம் படமாக எடுத்துப் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் அந்த நிறுவனம் குழுவை மூடிவிட்டது, அண்ணன் போட்ட படங்களும் அதோடு போயின. ஏன் என்று கேட்டோம். பதில் எழுத அங்கே மனிதர்கள் இருந்த மாதிரி தெரியவில்லை.

கஸ்தூரிக்கு ரோஷம் வந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள் ஒன்றை எடுத்தாள். வீட்டிலிருந்த பழைய கணினிப் பெட்டி ஒன்றில் போட்டாள், அது ஓடினால்தான் தளம் திறக்கும். எங்களுக்கே எங்களுக்காக ஒரு தளம்! விளம்பரம் இல்லை, அந்நியர் இல்லை. உள்ளே வர உன் வண்டியின் படம் போட வேண்டும், அதுதான் நுழைவுச் சீட்டு. முதல் வாரம் நான் தூங்கவே இல்லை. வண்டியை உதைத்துக் கிளப்பும் ஒரு கிக்கர் ரப்பரைப் பற்றி இத்தனை பேர் சண்டை போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

3

வசந்தன் அண்ணனை முதல் பிரதியில் வில்லனாக்கினேன். மீசைகூட வைத்தேன். எடுத்துவிட்டேன், அவருக்கு மீசை கிடையாது, வில்லத்தனமும் கிடையாது. சூடுபட்ட மனிதர். விஜயதசமி வரை தளம் நிற்காமல் ஓட வேண்டும், ஒருநாள்கூடப் படுக்கக் கூடாது என்றார். படுக்காவிட்டால் தன் கைப்பேசியில் மிஞ்சியிருக்கும் படங்களையெல்லாம் ஏற்றுவார். படுத்தால் எல்லாரும் வேறு ஏதாவது பெரிய செயலிக்குப் போய்விட வேண்டியதுதான். கஸ்தூரி சம்மதித்தாள்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூசை. வாசலில் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தாள். ஸ்பேனர்களைச் சாமி மேடையில் அடுக்கினாள். அதன் பக்கத்திலேயே அந்தப் பெட்டி. இரவு பகலாக உழைக்கிறதே என்று அதற்கும் பொட்டு வைத்தாள். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை எடுக்கக் கூடாது, அது அவர்கள் வீட்டு வழக்கம். கை தானாகவே போய் பிளக்கைப் பிடுங்கியது.

கற்பூரம் அணைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

4

இங்கே முடிக்க இரண்டு வழி இருந்தது.

முடிவு ஒன்று: அவள் பெட்டியை மறுபடி போட்டு, தளம் படுத்த நேரத்தைப் பதிவிலிருந்து அழித்துவிடுகிறாள். பெட்டி அவளுடையது, யாருக்கும் தெரியாது. (எழுதிப் பார்த்தேன். கஸ்தூரி அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் எனக்கு அவளைப் பிடிக்காது.)

முடிவு இரண்டு: யாருமே கவனிக்கவில்லை, ஏனென்றால் யாருமே

இல்லை, இதை எழுத மனம் வரவில்லை. நடந்ததும் அதுவல்ல. எல்லாரும் கவனித்தார்கள். சந்தனம் பூசிய வண்டியைப் படமெடுத்து முதல் ஆளாகப் போட வேண்டும் என்று வாசல் வாசலாக நின்றவர்கள், பக்கம் திறக்காமல் தவித்துப் போனார்கள். குளுவாங், பாலோ என்று ஊர் ஊராக அவளுக்கு அழைப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். இத்தனை பேருக்கு வேண்டியிருக்கிறதே!

அவள் பிளக்கை மாட்டி, ஒரே வரி போட்டாள்: "நான்தான் அணைச்சேன். பூசைக்கு."

5

மாலையில் வசந்தன் அண்ணன் அவள் வீட்டுக்கே வந்தார். நானும் இருந்தேன், கதாசிரியை இல்லாமல் எப்படி. அவர் கத்தவில்லை. நாளைக்கு வீட்டில் கல்யாணம் வந்தால், காய்ச்சல் வந்தால், அப்போதும் தளம் படுக்குமா என்று கேட்டார்.  வேறு செயலிக்குப் போய்விடலாம் என்று கஸ்தூரியே சொல்லிவிட்டாள். 

அவர் எழுந்து போகவில்லை. சாமி மேடைக்கு எதிரே நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீபாவளிக்கு என் ஷிப்ட்ட யாரும்மா பாக்குறா? பவுசி. அவன் நோன்புப் பெருநாளுக்கு அவன் ஷிப்ட்ட நான் பாக்குறேன். மனுசனுக்கே மாத்து ஆள் இருக்கு. ஒம் பெட்டிக்கு ஏன் இல்ல?"

பவுசி அண்ணனோடு வேலை பார்ப்பவர், எங்கள் தளத்தில் இருக்கிற ஒரே மலாய்க்காரர். தமிழ் படிக்கத் தெரியாது. எல்லாப் படத்துக்கும் இதயம் போடுவார். அண்ணன் சொன்ன வழி இதுதான்: அவர் வீட்டில் இரண்டாவது பெட்டி ஒன்று வைப்பது. நமக்குப் பண்டிகை என்றால் அவருடையது ஓடும், அவருக்குப் பண்டிகை என்றால் இது ஓடும். நான் துள்ளிக் குதித்தேன். கஸ்தூரி குதிக்கவில்லை.

"பெட்டிய குடுத்தா தளத்தோட சாவியும் குடுக்கணும்ணே. எல்லாரும் எழுதினது, தனியா பேசிக்கிட்டது, எல்லாம் அவர் கையில. வேற யார் கைக்கும் போகாதுன்னு சத்தியம் பண்ணித்தானே எல்லாரையும் கூப்பிட்டேன்."

அவள் சொன்னதும் சரிதான். பாழாய்ப் போன கதை, இரண்டு பேரும் சரி.

6

எல்லாரிடமும் கேட்பது என்று ஆனது. கேட்டாள். பாதிப் பேர் சரி என்றார்கள், மீதிப் பேர் நீயே முடிவு செய் என்றார்கள். அதனால் இப்போது பாசிர் கூடாங்கில், பவுசி வீட்டு கேட்டுக்கு முன்னால், கஸ்தூரி கப்சாயை நிறுத்திவிட்டு நிற்கிறாள். கூடையில் இரண்டாவது பெட்டி. உள்ளே பவுசி தன் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார், இன்னும் பார்க்கவில்லை. அவள் திரும்பிப் போனாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அவள் பவுசியைக் கூப்பிடுவதாக நான் எழுதிவிடலாம். ஒரு வரி போதும், எனக்கு விரல் துடிக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியில் நான் தனியாகப் பேசியவையும் இருக்கின்றன, என் ஆசையை அவள் வாயில் வைக்கக் கூடாது.

உங்கள் பண்டிகை நாளில் உங்கள் வேலையை யார் பார்த்தார்கள் என்று யோசியுங்கள். அவரிடம் உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுப்பீர்களா? கொடுப்பீர்கள் என்றால், கஸ்தூரிக்காகக் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுங்கள். பவுசிக்கு ஒரு காது மந்தம்.