நாற்பது வாஷ்பேசினும் ஒரு சாக்கும்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் கைவசம் இல்லாததால் எரிந்துகொண்டிருந்த கொசுவர்த்தியை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, கொசுக்கடியோடு எழுதப்படுகிறது.

சந்தாபுராவில் எழும்பிக்கொண்டிருந்த நாற்பது வீட்டு அபார்ட்மென்ட் ஒன்றில் ஜெயராமன் ஸ்டோர் கீப்பர். ஐம்பத்திரண்டு வயது. சந்தேகம் அவருக்கு உடம்போடு பிறந்தது. மணல் வந்தால் அள்ளி முகர்ந்து பார்ப்பார். கம்பி வந்தால் இரண்டு முறை எண்ணுவார். இரண்டு முறையும் ஒரே எண்ணிக்கை வந்தால், அது எப்படி வரும் என்று மூன்றாம் முறையும் எண்ணுவார். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அவருக்குக் கன்னடத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது.

நாற்பது வீட்டுக்கும் வாஷ்பேசின் வர வேண்டியிருந்தது. முதல் லோடில் பதினொன்று உடைந்து வந்தன. இரண்டாவது லோடில் உடையாதது எது என்று தேட வேண்டியிருந்தது. சைட் இன்ஜினீயர் வைஷ்ணவி அதிர்ந்து பேசாத பெண். அதிராமலேயே சொன்னாள்.

"ஜெயராமன் சார், மூணாவது லோடு நாளைக்குப் பதினோரு மணிக்கு இங்க இருக்கணும். பிளம்பருங்க காத்துட்டு இருப்பாங்க. ஒண்ணு உடைஞ்சாலும் சரி, லேட்டானாலும் சரி, ஸ்டோர் சாவிய டேபிள் மேல வெச்சுட்டு நீங்க கெளம்பிடலாம்."

"நானே கூடப் போய் ஏத்திட்டு வரேன், மேடம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜீவனஹள்ளி கோடவுனில் நின்றார். டிரைவர் கோவிந்தப்பா ஹாசன் பக்கத்து ஆள், தமிழ் தெரியாது. லாரியைவிடக் கொஞ்சம் சின்னதான கேன்டர் வண்டி. ஜெயராமன் முதல் பார்வையிலேயே ஆளை எடை போட்டார். 'காலையில் எட்டு மணிக்கே இவ்வளவு சிரிக்கிறான். ஏன்?'

பேசின்களை வைக்கோலில் பொதிந்து வரிசையாக அடுக்கினார்கள். ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க ஜெயராமன் ஒரு காலி கோணிச் சாக்கை இடையில் திணித்தார். கோவிந்தப்பா கையை ஆட்டினார்.

"சாக்கு!"

ஜெயராமன் இன்னொரு சாக்கைத் திணித்தார்.

"சாக்கு, சாக்கு!"

இரண்டு திணித்தார்.

"அய்யோ, சாக்கப்பா, சாக்கு!"

'இவனுக்கு எத்தனை சாக்குதான் வேணும்?' கோவிந்தப்பா ஒவ்வொரு முறை கத்தும்போதும் குரல் கூடியது. குரல் கூடக் கூட ஜெயராமன் கட்டுக் கட்டாக ஏற்றினார். ஒரு கட்டத்தில் டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, 'சாக்கு, சாக்கு' என்று முனக ஆரம்பித்தார். அந்த முனகலுக்கே முப்பது போயிற்று. கோடவுன் காலியானபோது மணி பத்தரை. வண்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு சாக்குகள். கேன்டர் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி இருந்தது.

ஜெயராமனின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. வாஷ்பேசின் ஏற்றுகிறவனுக்கு இத்தனை சாக்கு எதற்கு? பாதி வழியில் பேசினை இறக்கிவிட்டுச் சாக்கை மட்டும் கொண்டுவந்து கொடுப்பான். வெளியிலிருந்து பார்த்தால் லோடு நிறைந்துதான் தெரியும்! அவர் உடனே எல்லாப் பேசின்களையும் கோர்த்து ஒரு கயிறு கட்டி, அதன் நுனியை டிரைவர் கேபின் ஜன்னல் வழியாக இழுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். யாராவது ஒரு பேசினைத் தொட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

கோவிந்தப்பா அந்தக் கயிற்றைப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வண்டி முழுக்கச் சாக்கை அடைத்துவிட்டுக் கையில் கயிறும் கட்டிக்கொள்ளும் ஆள், உள்ளே என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறான்? போனை எடுத்து முதலாளியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சாக்கு சாக்கு அந்த்ரூ பிடல்ல."

ஜெயராமன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சாக்கு புரிந்தது. 'பிடல்ல' என்றால் பிடிபடல்ல. அதாவது, இன்னும் மாட்டவில்லை! கூட்டாளிக்குத் தகவல் போகிறது! அதற்குப் பிறகு அவர் கண் சிமிட்டவே இல்லை. டீக்கடையில் வண்டி நின்றபோது இவர் இறங்கட்டும் என்று அவரும், அவர் இறங்கட்டும் என்று இவரும் உட்கார்ந்திருந்ததில், டீக்காரரே வந்து கேபினில் டீ கொடுத்துவிட்டுப் போனார்.

ஈஜிபுராவில் ஜெயராமனின் தங்கை சரளா வீடு இருப்பது உண்மை. அன்று அங்கே மட்டன் பிரியாணி என்பதும் உண்மை. ஆனால் வண்டி அந்தத் தெருவில் இரண்டு மணி நேரம் நின்றதற்குக் காரணம், குறுக்கே நின்ற தண்ணீர் லாரி.

சில்க் போர்டு சிக்னலில் நின்ற நேரத்தில், முன்னால் நின்ற வேனில் ஒரு கல்யாணப் பேச்சு தொடங்கி, தட்டு மாற்றி, சீர் விஷயத்தில் தகராறாகி முறிந்தும் போனது. அதைத் தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கர். வண்டி தூக்கிப் போட்ட வேகத்தில் சாக்குகள் எம்பி, மொத்த லோடும் வண்டியை விட்டு மேலே கிளம்பியது. அது இறங்குவதற்குள் வண்டி மூன்றடி முன்னால் போய்விட்டது. கயிறு சுண்டியதும் ஜெயராமன் அலற, கோவிந்தப்பா சட்டென்று ரிவர்ஸ் எடுத்து லோடை அப்படியே வாங்கிக்கொண்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் சாட்சி. அவசரத்தில் அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சந்தாபுரா வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால். வைஷ்ணவி கேட்டில் நின்றிருந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டினாள். "சாவி."

"மேடம், மொதல்ல இவனப் புடிங்க! வழியெல்லாம் சாக்கு கேட்டே ஆள ஏமாத்தப் பாத்தான். போன்ல கூட்டாளிகிட்ட வேற பேசினான்!"

கோவிந்தப்பாவும் ஜெயராமனைக் காட்டிக் கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். லோடு இறக்கும் ஆட்களுக்குத் தலைவி மங்களம் முன்னால் வந்தாள். மூன்று தலைமுறையாக இதே ஊர். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம். டிரைவர் சொன்னதைப் பாதி கேட்கும்போதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாண்ணா நீ! கன்னடத்துல சாக்குன்னா 'போதும்'னு அர்த்தம். அந்தாளு போதும் போதும்னு கத்தியிருக்கான். நீ கோணிய ஏத்திக்கினே இருந்திருக்கே."

"அப்ப போன்ல சொன்னது?"

"'போதும் போதும்னாலும் உடமாட்றான்'னு உன்னப் பத்தித்தான் அழுதிருக்கான்!"

இறக்கும் பெண்கள் சிரித்தார்கள். பிளம்பர்கள் சிரித்தார்கள். வைஷ்ணவி உதட்டைக் கடித்துப் பார்த்தாள்; முடியவில்லை. சாக்குகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்க, நாற்பது பேசினும் முட்டை மாதிரி வெளியே வந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"லேட்டானதுக்கு இதான் காரணமா, சார்?"

"வேற என்ன மேடம்? பாஷை தெரியாதவன் நான்."

நீட்டிய கையை வைஷ்ணவி இறக்கிக்கொண்டாள். "போங்க. இனிமே எல்லா லோடும் இதே மாதிரி சாக்கு போட்டே வரட்டும். ஆனா பதினோரு மணிக்கு வரட்டும்."

கோவிந்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெயராமன் அதற்குள் சலானில் கையெழுத்துப் போட்டு அவர் சட்டைப்பையில் செருகி, தோளில் தட்டி, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். சாவி இடுப்பிலேயே இருந்தது.

வேலைக்குச் சேரும்போது ஜெயராமன் கொடுத்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இன்றும் சைட் ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது: முதல் மொழி கன்னடம், நூற்று இருபத்தைந்துக்கு நூற்றுப் பதினெட்டு.